ரெபரன்சு ஆஞ்சப்பன்

"பக்கத்தைத் திருப்பாதீங்க சார், பைண்டிங்கு போயிடும்."

இப்படிச் சொல்லிக்கொண்டே ஆஞ்சப்பன் இடது உள்ளங்கையை விரித்துப் புத்தகத்தின் கீழ்ப் பாதியை மூடுகிறார். வலது கையில் இருக்கும் தேக்கு ரூல்தடி மேல் பாதியை மூடுகிறது. நடுவே நாலு விரற்கடை அகலத்துக்கு ஒரு பத்தி மட்டும் தெரிகிறது. அதைப் படித்துக்கொள்ளலாம். கண்ணைக் கொஞ்சம் கீழே ஓட்டினால் உள்ளங்கை மேலே நகரும். மேலே ஓட்டினால் ரூல்தடி கீழே இறங்கும். "போதுங்களா? உங்களுக்கு வேண்டியது அவ்வளவுதாங்க" என்பார். நமக்கு வேண்டியது எவ்வளவு என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வாயெடுப்பதற்குள் புத்தகம் அலமாரிக்குள் போய்ப் பூட்டும் விழுந்திருக்கும்.

ஓசூர்க் கிளை நூலகத்தின் நூலகர் அவர். ஐம்பதுக்கு இரண்டு குறைவு. குட்டை உருவம், முழங்கை வரை சுருட்டிய கதர்ச் சட்டை, காதில் செருகிய பென்சில். அலமாரிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருக்கிறார். அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று வேட்டியைத் தளர்த்த வேண்டும். நாட்டின் சரித்திரத்தை அறிய வந்தவர்கள் அதுவரை கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு நிற்பார்கள்.

நூலகம் இருக்கும் கட்டடம் ஒரு காலத்தில் சாராயக்கடை. மதுவிலக்கு வந்து கடையை மூடினார்கள். பல வருஷம் கழித்து, வாடகை குறைவு என்பதால் நூலகத்தைத் திறந்தார்கள். பழைய வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேர் கால் பழகின தோஷத்தில் இன்னும் சாயங்காலமானால் வந்து அதே பெஞ்சில் உட்காருகிறார்கள். வேறு ஒன்றும் கிடைக்காததால் பத்திரிகை படித்துவிட்டுப் போகிறார்கள். வருகைப் பதிவேட்டில் ஒழுங்காகக் கையெழுத்துப் போடும் வாசகர்கள் அவர்கள்தான்.

நான் சேலத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். மையும் அச்செழுத்தும் வாங்க மாதம் இரண்டு முறை பெங்களூர் போய்வருகிறேன். திரும்பும்போது ஓசூரில் பஸ் மாற வேண்டும், அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். காப்பிக் கடையில் அத்தனை நேரம் உட்கார்ந்தால் விரட்டுகிறார்கள். நூலகத்தில் விரட்டுவதில்லை. அப்படித்தான் ஆஞ்சப்பனைத் தெரியும்.

அங்கே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று உண்டு. "நாட்டு வரலாறு, பண்பாட்டுப் பகுதி. ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்" என்று மேலே பலகை. உள்ளே இருநூற்றுப் பதினான்கு புத்தகங்கள். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது வண்டியில் ஏற்றி அனுப்பியவை பாதி, பெரிய நூலகங்கள் இடமில்லை என்று தள்ளிவிட்டவை பாதி. கல்வெட்டு அறிக்கைகள், ஜனத்தொகைக் கணக்குகள், கோயில் படங்கள், வெள்ளைக்காரத் துரைகள் எழுதிய ஜில்லாப் புத்தகங்கள் எல்லாம் உண்டு. ஆஞ்சப்பன் அவற்றை உயரவாரியாக அடுக்கியிருக்கிறார். ஒரு ராஜவம்சத்தில் தகப்பன் மேல்தட்டில் இருக்கிறான், மகன் கீழ்த்தட்டில் இருக்கிறான். மாட்டு வியாதிகளைப் பற்றிய சர்க்கார் அறிக்கை ஒன்று, உயரம் பொருந்திவிட்ட ஒரே தகுதியால், சிற்பக் கலைக்கும் சமயத் தத்துவத்துக்கும் நடுவே நிற்கிறது. "சைசு சரியா இருந்தா செல்லு பிடிக்காதுங்க" என்பது அவர் கண்டுபிடித்த நூலக விதி.

நாலு வருஷம் அந்த அலமாரியை ஒருவரும் சீண்டவில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணிவிட்டுப் போவார். பிறகுதான் தேசத்தை மொழிவாரியாகப் பிரிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சு வந்த அன்றிலிருந்து ஓசூரில் ராகி விலையைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. இந்தத் தாலுக்கா யாருடையது என்பதே எல்லோருக்கும் கவலை. நேற்றுவரை வெற்றிலைக் கடையில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, பெண்டாட்டியைத் திட்ட ஒரு மொழி என்று மூன்றையும் சௌகரியத்துக்கு வைத்துக்கொண்டிருந்த ஜனங்கள், திடீரென்று இரண்டை உதறிவிட்டு ஒன்றை மட்டும் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்டதற்கு ஆதாரம் வேண்டுமே! ஆதாரம் புத்தகத்தில் இருக்கும், புத்தகம் ஆஞ்சப்பனிடம் இருந்தது.

முதலில் வந்தவர் பத்திரம் எழுதும் கோவிந்தன். ஓசூர் தமிழர்களுடையது என்று நிரூபிக்க வந்தார். எழுபது வருஷத்துக்கு முன் ஒரு துரை எழுதிய தடித்த ஜில்லாப் புத்தகத்தை எடுக்கச் சொல்லி, அரை நாள் புரட்டி, ஒரு பக்கத்தில் வந்ததும் மேஜையில் ஓங்கித் தட்டி, "அடடா, இதுதாய்யா!" என்று கத்தினார். ஆஞ்சப்பன் அந்த இடத்தில் ஒரு ரோஸ் காகிதத்தைச் செருகினார். சுதந்திர தினத் தோரணத்தில் மிச்சமான காகிதம் அது. அடுத்த மாதம் வெல்லமண்டி சென்னப்பன் வந்தார், மைசூர்க்காரர்களுக்காக. ரோஸ் காகிதப் பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தார். பத்து வரி தள்ளிப் படித்ததும் அந்த முகம் மலர்ந்தது. அங்கே ஒரு மஞ்சள் காகிதம் ஏறியது. மூன்றாவதாக நிலச்சுவான்தார் வெங்கடப்பன், தெலுங்குக்காரர்கள் சார்பில். எதிர்ப்பக்கத்தில் பச்சை.

அதற்கப்புறம் யாரும் புரட்ட வேண்டியதே இல்லாமல் போயிற்று. கோவிந்தன் வாசலில் தலை காட்டினால் "வாங்க வாங்க" என்று ரோஸ். சென்னப்பனுக்குக் கன்னடத்தில் "பன்னி, கூத்கொள்ளி" என்று மஞ்சள். வெங்கடப்பனுக்குத் தெலுங்கில் "ரண்டி, கூச்சோண்டி" என்று பச்சை. அவரவருக்கு அவரவர் பத்தி, மேலும் கீழும் ரூல்தடியும் உள்ளங்கையும். மூன்று கட்சிக்காரர்களும் தத்தம் பத்தியை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு, சரித்திரம் தங்கள் பக்கம் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்கள். மற்ற இரண்டு பத்திகளும் அதே விரிப்பில் ஆஞ்சப்பனின் கைக்கடியில் கிடந்தன.

"அவரு கெட்டிக்காரரு சார். மூணு சம்பந்தி வீட்டுக்கும் ஒரே ஆட்டை வெட்டி விருந்து வெக்கறாரு" என்றார் பக்கத்து பெஞ்சு அக்பர் பாஷா. புளி வியாபாரி. தினமும் பத்திரிகை படிக்க வருவார், படித்து அரை மணியில் தூங்குவார்.

ஊர் முழுக்க ஆஞ்சப்பனுக்கு மரியாதை கூடிவிட்டது. இத்தனை தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறாரே என்று பேசிக்கொண்டார்கள். ரெபரன்சு ஆஞ்சப்பன் என்று பட்டமே விழுந்தது. கல்யாணப் பந்தியில் அவருக்கு முதல் வரிசையில் இலை போட்டார்கள். தாலுக்கா கச்சேரி குமாஸ்தாக்கள் எழுந்து நின்று பேசினார்கள். நூலகக் கமிட்டித் தலைவரும் வெங்கடப்பன்தான். "எக்ஸ்பர்ட்டு ஒர்த்தரை வெச்சிருக்கறம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். தற்காலிகமாக இருந்த ஆஞ்சப்பனின் வேலையை நிரந்தரமாக்க வேண்டும் என்று மேலே எழுதியும் போட்டார்.

நானும் ஒருநாள் ஆசைப்பட்டு அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். ஆஞ்சப்பன் சுவர்ப்பக்கம் திரும்பினார், வேட்டியைத் தளர்த்தினார், சாவியை எடுத்தார். ரோஸ் பக்கத்தை விரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ரூல்தடியை இறக்கி மஞ்சளைக் காட்டினார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். பச்சைக்கு வந்தபோது அவருக்குச் சலிப்பு தட்டிவிட்டது.

"என்னா சார், எதுலயும் சந்தோஷம் வரலீங்களே? நீங்க எந்தப் பக்கம்னு சொல்லிட்டா டக்குனு எடுத்துக் குடுத்துடுவேன்."

"நான் ஒரு பக்கமும் இல்லை. சும்மா படிக்கலாமென்று."

"சும்மாவா?" அவர் முகத்தில் உண்மையான திகைப்பு. "சும்மா படிக்கறதுக்கு ரெபரன்சு இல்லீங்க. நீங்க மெம்பரும் இல்ல."

"இப்போது காட்டினீர்களே?"

"காட்டறது வேற, படிக்கறது வேறங்க."

அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. ஆஞ்சப்பன் புத்தகத்தைப் பார்ப்பதே இல்லை. படிக்கிறவன் முகத்தைத்தான் பார்க்கிறார். எந்த முகம் எந்தப் பக்கத்தில் மலர்கிறதோ அது அவர்களுடைய சரித்திரம், அங்கே ஒரு கலர்க் காகிதம். மனிதர் தமிழும் கன்னடமும் தெலுங்கும் தண்ணீர்பட்ட பாடாகப் படிப்பார், மூன்று மொழிப் பத்திரிகைகளையும் பத்து மணிக்குள் முடித்துவிடுவார். இங்கிலீஷில் மட்டும் எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும், அவை கூட்டமாக வந்தால் அடையாளம் தெரியாது. அந்த அலமாரியில் முக்கால்வாசி இங்கிலீஷ். இத்தனை வருஷமாக அவர் காவல் காத்தது தன்னால் ஒரு வரி படிக்க முடியாத சரித்திரத்தை. எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டம் கொடுத்த ஊரை நினைத்து இன்னும் அதிகமாக வந்தது. நகல் எடுத்த மூன்று பேருக்கும் இங்கிலீஷ் தெரியும், அவர்கள் மட்டும் என்ன முழுசாகப் படித்துவிட்டார்களா?

போன ஆவணி மாதம் நான் அங்கே இருந்தபோது வெள்ளையம்மா வந்தாள். ஜூஜுவாடிக்குக் கிழக்கே எல்லையோரத்தில் ஒரு சின்ன ஊர்க்காரி, குடியானவப் பெண், நாற்பது வயதிருக்கும். விடியலில் கிளம்பி நடந்தே வந்திருக்கிறாள். காலில் செம்மண், கையில் சோற்று மூட்டை, மடியில் நாலாக மடித்த மனு. நூலகத்துக்குள் ஒரு பெண் காலெடுத்து வைத்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அக்பர் பாஷா பத்திரிகையை மடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சாமி, இங்க ஒரு பொஸ்தவம் இருக்குதாமே, பழைய சங்கதியெல்லாம் எழுதி வெச்சிருக்குதாம். எங்க மணியக்காரரு சொன்னாரு."

ஆஞ்சப்பனுக்குக் கேள்வி பழக்கமானது. அலட்சியமாகக் கேட்டார்:

"நீ எந்தப் பக்கம்மா? தமிழா, கன்னடமா, தெலுங்கா?"

"தண்ணிங்க சாமி."

ஆஞ்சப்பன் காதிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டுத் திரும்பவும் செருகினார். "என்னாது?"

அவள் நின்றபடியே சொன்னாள். அவர்கள் ஊருக்குத் தண்ணீர் வரும் ஏரி எல்லைக்கு அந்தப் பக்கம், மைசூர்ச் சீமையில் இருக்கிறது. கால்வாய் மட்டும் இந்தப் பக்கம் வருகிறது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். பிரிவினைப் பேச்சு வந்ததும் அந்த ஊர் வாலிபர்கள் மதகடியில் கல்லைப் போட்டு அடைத்துவிட்டார்கள்.

"இனிமேட்டு நீங்க வேற தேசம், போய் உங்க தேசத்துல தண்ணி கேளுங்கன்றாங்க சாமி. போன வருசம் வரைக்கும் எங்க வூட்டுப் பொண்ணைக் கட்டுனவன்தான் சொல்றான். நாத்து விட்டு இருவத்தஞ்சு நாளாவுது. இன்னம் அஞ்சு நாள் போனா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும். நாளைக்கு மெட்ராசுல இருந்து அதிகாரி வராரு, எல்லை ஊருக்காரங்க கொறையைக் கேக்கறாராம். எழுத்துல இருந்தா காட்டுன்றாரு மணியக்காரரு. எங்க ஊரு கால்வா சங்கதி அதுல இருக்குதுங்களா?"

ஆஞ்சப்பன் எழுந்தார். எழாமல் இருந்திருக்கலாம், இன்றைக்கு ரெபரன்சு கிடையாது என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லக்கூடியவர்தான். ஆனால் எழுந்தார். சுவர்ப்பக்கம் திரும்பினார். வெள்ளையம்மாவும் நாகரிகமாக வாசல்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புத்தகத்தை மேஜையில் வைத்து ரோஸ் பக்கத்தை விரித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. மஞ்சள், பச்சை. ஒன்றும் இல்லை. காகிதம் வைக்காத பக்கங்களுக்குப் போனார். ஒரு பக்கம் திருப்புவார், அவள் முகத்தைப் பார்ப்பார். இன்னொரு பக்கம், மறுபடி முகம். அவளுக்கு எழுத்து வாசனையே கிடையாது. புத்தகத்தை அவள் பார்க்கவே இல்லை, படித்த மனிதர் முகத்தில் ஏதாவது நல்ல செய்தி தெரிகிறதா என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அறுபது எழுபது பக்கம் தாண்டினார்கள். எனக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

"நான் பார்க்கட்டுமா?" என்றேன்.

"நீங்க மெம்பரு இல்லீங்களே சார்" என்றார் ஆஞ்சப்பன், தலை நிமிராமல்.

இன்னும் பத்துப் பக்கம் போயிற்று. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"ஸ்டாக்கு சரிபார்க்க வேண்டியதும் பாக்கி இருக்குது. ஒண்ணு பண்ணுங்க சார். நீங்க சத்தமாப் படிங்க, நான் சரியா இருக்குதான்னு சரிபார்க்கறேன்."

நான் உட்கார்ந்தேன். அவர் கை புத்தகத்தை விட்டு விலகி நான் பார்த்தது அதுவே முதல் தடவை. தேடும் வழியில் அந்தப் புகழ்பெற்ற மூன்று பத்திகளுக்கும் அடுத்த பக்கம் கண்ணில் பட்டது. இந்தத் தாலுக்கா ஜனங்கள் எந்த மொழியில் கேட்டாலும் தடங்கலின்றிப் பதில் சொல்கிறார்கள் என்றும், வரி பாக்கியைப் பற்றிக் கேட்டால் மட்டும் மூன்று மொழியும் ஒரே சமயத்தில் மறந்துபோகிறது என்றும் துரை எழுதியிருந்தார். மூன்று கட்சியில் ஒருவரும் அதை நகல் எடுக்கவில்லை.

முக்கால் மணி நேரத்தில், ஏரிகளைப் பற்றிய அத்தியாயத்தில், வலதுபக்கத்தின் அடியில் ஊர்ப் பெயர் அகப்பட்டது. தமிழில் சொன்னேன்: ஏரி அந்தக் கரையில் இருந்தாலும் கால்வாயை வெட்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். எட்டு நாளில் மூன்று நாள் தண்ணீர் அவர்களுடையது.

வெள்ளையம்மா முகம் மலர்ந்தது. "எங்க மாமனாரும் அதாங்க சொல்லும்! எட்டுக்கு மூணு!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உடனே உள்ளங்கை வந்து பக்கத்தின் மேல் விழுந்தது. "போதுங்க சார். அவ்வளவுதான்."

"அடுத்த பக்கத்திலும் தொடர்கிறது போலிருக்கிறதே."

"அதான் கெடச்சிட்டுதே சார். மூஞ்சியப் பாருங்க."

அந்த இரண்டு வரியை நகல் எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். காப்பி எல்லோரும்தான் கொடுக்கிறார்கள், புத்தகமே போனால்தான் மதிப்பு, தானே எடுத்துப் போய் அதிகாரி முன்னால் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார். அதிகாரிக்கு இங்கிலீஷ் தெரியாதா, இவர் எதற்கு வாசிக்க வேண்டும்? ஆனால் ஊரே கூடியிருக்கும் இடத்தில் இங்கிலீஷ் வாசிக்கும் வாய்ப்பை ஆஞ்சப்பன் விடுவாரா? "இன்னொரு வாட்டி படிங்க, சரிபார்க்கணும்" என்றார். படித்தேன். இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி என்று பதினோரு தடவை. அவர் உதடு என்னோடு சேர்ந்து அசைந்துகொண்டே இருந்தது. கடைசித் தடவை நான் நிறுத்திய பிறகும் அசைந்தது. என் பஸ் போய்விட்டது. அன்று இரவு அக்பர் பாஷாவின் மண்டியில் புளி மூட்டைகளுக்கு நடுவே படுத்தேன்.

மறுநாள் நானும் போனேன். பயணியர் பங்களாவில் நல்ல கூட்டம். தாழ்வாரத்தில் அதிகாரி. ஜலதோஷம் பிடித்த மெலிந்த மனிதர், நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்குட்டையை எடுத்தார். எதிரே நாலு நாற்காலி. மூன்றில் கோவிந்தன், சென்னப்பன், வெங்கடப்பன். நாலாவது ஆஞ்சப்பனுக்கு என்று வெங்கடப்பனே போடச் சொன்னது. மனு கொண்டுவந்த ஜனங்கள் வெளியே புங்கமரத்தடியில் தரையில் குந்தியிருந்தார்கள். புத்தகத்தைப் புது ஈரிழைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு ஆஞ்சப்பன் படியேறினார். நூலகத்தை விட்டு வெளியே போகவே கூடாத புத்தகம். கூட்டம் வழிவிட்டது.

அதிகாரி மூன்று மனுக்களையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பேரும் ஒரே புஸ்தகத்தைக் காட்டறீங்க. அதுவும் ஒரே இடம்! ஆளுக்கு நாலு வரி. அஞ்சாவது வரியை ஒருத்தரும் எழுதலை."

"பைண்டிங்கு போயிடும்னாங்க" என்றார் கோவிந்தன். மற்ற இருவரும் வேறு எங்கேயோ பார்த்தார்கள்.

கால்வாய் மனு வந்தது. ஆஞ்சப்பன் எழுந்தார். மேஜைமேல் புத்தகத்தை விரித்து, உள்ளங்கையை வைத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். ஒரு பிழை கிடையாது. நான் எங்கே மூச்சு வாங்கினேனோ அங்கே அவரும் மூச்சு வாங்கினார். வெங்கடப்பன் பெருமையோடு சுற்றிப் பார்த்தார். மரத்தடியில்கூட ஒரு சலசலப்பு.

"மேலே படிங்க" என்றார் அதிகாரி.

ஆஞ்சப்பனின் உள்ளங்கை பக்கத்தின் மேல் அழுந்தியது.

"பக்கத்தைத் திருப்பிப் படிங்க. வாக்கியம் முடியலையே."

"அவ்வளவுதாங்க சார். வேண்டியது அவ்வளவுதாங்க."

அதிகாரி கைக்குட்டையைக் கீழே வைத்தார். "இந்த ஊர்ல எல்லாருமே வேண்டிய வரியை மட்டும் காட்டறீங்க. அடுத்ததைக் கேட்டா கையை வெச்சு மறைக்கறீங்க. இந்தப் பொம்பளைக்கு விரோதமா ஏதோ இருக்கு, அதான் மறைக்கறீங்க. முழுசாப் படிக்காம நான் இதை எடுத்துக்க முடியாது. மனுவைத் தள்ளி வைக்கறேன்."

மனுவை எடுத்து ஓரமாக வைத்தார். வெள்ளையம்மா படியோரம் நின்றிருந்தாள். பேச்சு முழுசும் புரியாவிட்டாலும் தன் காகிதம் ஓரத்துக்குப் போனது அவளுக்குப் புரிந்தது. "சாமி" என்றாள். அதிகாரியைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆஞ்சப்பனைப் பார்த்துத்தான்.

ஆஞ்சப்பன் அவளைப் பார்த்தார். நாற்காலியிலிருந்த மூன்று பேரையும் பார்த்தார்.

"மறைக்கலீங்க சார்" என்றார். "தெரியாதுங்க."

"என்ன தெரியாது?"

"இங்கிலீஷு. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நேத்து ஒர்த்தரு படிச்சாரு, கேட்டு மனப்பாடம் பண்ணிக்கினேன். நீங்களே திருப்பிப் பார்த்துக்குங்க சார். பாவம், அந்தம்மா மேல ஒண்ணும் தப்பு இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வெங்கடப்பனுக்கு முகம் செத்துவிட்டது. மேலே எழுதிப்போட்ட சிபாரிசு ஞாபகம் வந்திருக்க வேண்டும். கோவிந்தனும் சென்னப்பனும் ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொண்டார்கள்.

அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். பைண்டிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. படித்துவிட்டு, "ஏம்மா, கால்வாயைத் தூர் வாருற வருஷம்தான் உங்களுக்குப் பங்குன்னு போட்டிருக்கு. வாருறீங்களா?" என்று கேட்டார்.

"மாசி மாசமானா வருசா வருசம் எங்க ஊருதாங்க வாருது. அவுங்க கரையில நின்னு பாத்துக்கினு இருப்பாங்க. இந்த மாசியிலயும் நானே ஆறு நாளு மண்ணு சொமந்தனுங்க. அந்தப் பக்கத்து அட்டிபெல கணக்குப்பிள்ளையக் கேளுங்க, அவரே சொல்லுவாரு."

அதிகாரி எழுத ஆரம்பித்தார். அந்தப் பக்கத்து அதிகாரிக்கு இன்றைக்கே ஆள் அனுப்புவதாகவும், விசாரணை முடிகிறவரை மதகடிக் கல்லை எடுத்து வைக்கச் சொல்வதாகவும் எழுதிக்கொண்டே சொன்னார். காகிதம் தயாராகக் கொஞ்ச நேரம் ஆகும், உட்கார் என்றார். வெள்ளையம்மா மரத்தடிக்குப் போய்ச் சோற்று மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குந்தினாள்.

ஆஞ்சப்பன் நின்றுகொண்டே இருந்தார். அதிகாரி நிமிர்ந்து, "நீங்களும் உட்காருங்க" என்று நாலாவது நாற்காலியைக் காட்டினார். ஆஞ்சப்பன் ஒரு தடவை நாற்காலியைப் பார்த்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, படியிறங்கி, கூட்டத்தினூடே மரத்தடிக்கு நடந்து, வெள்ளையம்மாவுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் குந்தினார். அவள் சோற்று மூட்டையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.